ஓய்வுக்கால விசா: அந்த வயது எண் எங்கிருந்து வருகிறது?

வளைகுடாவில் இருபது, முப்பது வருடம் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். வேலை இருக்கும்வரைதான் விசா. கம்பெனியில் கணக்கு முடித்து அனுப்பிவிட்டால், வாடகை வீடு, பிள்ளைகள் வளர்ந்த தெரு, விடுமுறை நாளில் சேர்ந்து சாப்பிட்ட நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பெட்டி கட்ட வேண்டியதுதான். அந்த ஊரிலேயே கடைசிக் காலத்தையும் கழிக்கலாம் என்ற நினைப்புக்கே இடமில்லாமல் இருந்தது. 2020 செப்டம்பரில் துபாய் ஓய்வுக்கால விசா ஒன்றைத் தொடங்கியபோதுதான் அங்கிருந்த நம்மவர்களில் பலர் அந்தச் சொல்லையே கவனித்தார்கள். ஐந்து வருட விசா, புதுப்பிக்கலாம். பத்து லட்சம் திர்ஹம் சேமிப்போ, குறிப்பிட்ட மதிப்புள்ள சொத்தோ, நிலையான மாத வருமானமோ காட்ட வேண்டும். வயது 55 ஆகியிருக்க வேண்டும்.

ஏன் 55? தாய்லாந்தில் 50 போதும். நியூசிலாந்தில் 66 ஆக வேண்டும். பனாமாவில் 18 நிரம்பியிருந்தாலே சரி. மனிதனுக்கு வயதாவது எல்லா ஊரிலும் ஒரே வேகத்தில்தான். இந்த எண் மட்டும் ஏன் ஊருக்கு ஊர் இப்படித் தாவுகிறது? அது புரிந்துவிட்டால் ஓய்வுக்கால விசா என்ற ஏற்பாடே பாதி புரிந்த மாதிரி.

முதலில் அடிப்படை. ஒரு நாடு வெளிநாட்டுக்காரரிடம், "இங்கே வந்து இரு, உன் பணத்தைக் கொண்டுவந்து செலவு செய், ஆனால் வேலை மட்டும் பார்க்காதே" என்று சொல்வதுதான் ஓய்வுக்கால விசா. குடியுரிமைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. பெரும்பாலான நாடுகளில் நிரந்தர வசிப்புரிமையும் இதனால் வந்துவிடாது. ஒரு வருடமோ ஐந்து வருடமோ தருவார்கள். திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கேட்கும் ஆவணங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: வயதுக்குச் சான்று, பணத்துக்குச் சான்று, காவல்துறையின் நன்னடத்தைச் சான்று, சில நாடுகளில் மருத்துவக் காப்பீடு.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'ஓய்வு' என்ற சொல் பெயரில் இருப்பதால், பணி ஓய்வு ஆணை கையில் இருந்தால்தான் கிடைக்கும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அப்படி இல்லை. 48 வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கும் வங்கி அதிகாரி உண்மையிலேயே ஓய்வு பெற்றவர். தாய்லாந்து விசாவுக்கு அவருக்குத் தகுதி இல்லை. 51 வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்திக்கொண்டு ஒரு நாள்கூட ஓய்வில்லாமல் அலைகிறவருக்குத் தகுதி உண்டு, பணம் சரியாக இருந்தால். தமிழ்நாடு அரசு ஊழியருக்கு ஓய்வு வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகி, அடுத்த வருடமே 60 ஆனது. இந்த மாற்றம் எதுவும் பாங்காக்கில் இருக்கும் குடிநுழைவு அதிகாரிக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பார்ப்பது கடவுச்சீட்டில் இருக்கும் பிறந்த தேதி ஒன்றைத்தான்.

பிறந்த தேதி என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று இருக்கிறது. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொடச் சொல்லி, தொட்டுவிட்டால் ஐந்து வயது என்று தலைமையாசிரியர் எழுதிச் சேர்த்துக்கொண்ட தலைமுறைதான் இப்போது ஓய்வுக்கால விசாவைப் பற்றி யோசிக்கிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு தேதி, ஜாதகத்தில் இன்னொரு தேதி. என் அம்மாவுக்கே இரண்டு பிறந்தநாள். கேக் வெட்டுவது ஒரு நாளில், பென்ஷன் கணக்கு இன்னொரு நாளில். விசாவைப் பொறுத்தவரை கடவுச்சீட்டில் இருக்கும் தேதிதான் உங்கள் வயது. வேறு ஆவணங்களில் அது மாறியிருந்தால், விண்ணப்பிக்கும் நேரத்தில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. முன்கூட்டியே செய்துவைக்க வேண்டிய வேலை அது.

சரி, ஏன் வயது வரம்பு வைக்கிறார்கள்?

ஒரு நாட்டுக்கு வரும் வெளிநாட்டுக்காரரைப் பற்றி அந்த நாட்டு அரசுக்கு இரண்டு பயம் உண்டு. இளையவராக இருந்தால், உள்ளூர்க்காரருடைய வேலையைப் பறித்துக்கொள்வாரோ என்ற பயம். வயதானவராக இருந்தால், ஆஸ்பத்திரிச் செலவு நம் தலையில் விழுமோ என்ற பயம். வயது வரம்பு என்பது முதல் பயத்துக்கான பூட்டு. ஐம்பதைத் தாண்டியவர் புதிதாக ஒரு நாட்டில் வேலை தேடி அலைய மாட்டார் என்பது ஓர் ஊகம்தான், ஆனால் அதிகாரிகளுக்கு வசதியான ஊகம். ஒருவர் திருட்டுத்தனமாக வேலை பார்க்கிறாரா என்று வருடம் முழுக்கக் கண்காணிப்பதைவிட, பிறந்த தேதியைப் பார்ப்பது சுலபம் இல்லையா? காப்பீடு கேட்பது இரண்டாவது பயத்துக்கான பூட்டு. வைப்புத்தொகை இரண்டுக்கும் சேர்த்துப் போடும் பெரிய பூட்டு.

எந்த நாட்டுக்கு எந்தப் பயம் எப்போது கூடுகிறதோ, அதற்கேற்ப அந்த எண் ஏறும், இறங்கும். பிலிப்பைன்ஸ் இதற்கு நல்ல உதாரணம். ஓய்வு பெற்றவர்களை வரவேற்கவே தனி ஆணையம் ஒன்றை 1985இலேயே அமைத்த நாடு அது. அவர்களுடைய ஓய்வுக்கால விசாவுக்கு வயது வரம்பு நெடுநாள் 35ஆக இருந்தது. 35 வயதில் என்ன ஓய்வு என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, டாலர் வந்துகொண்டிருந்ததால். 2020இல் அந்த நாட்டுச் செனட்டில் கேள்வி எழுந்தது: இந்த விசாவில் இருப்பவர்களில் சீனர்கள்தான் அதிகம், அதிலும் முப்பதுகளில் இருப்பவர்கள் ஏராளம், இவர்கள் உண்மையிலேயே ஓய்வெடுக்கத்தான் வந்தார்களா? உடனே புதிய விண்ணப்பங்களை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் திரும்பத் திறந்தபோது வரம்பு 50. கொஞ்ச காலம் கழித்து, அக்கம்பக்கத்து நாடுகள் ஆட்களை இழுப்பதைப் பார்த்து, 2025 செப்டம்பரில் 40க்கு இறக்கினார்கள். ஐந்தே வருடத்தில் 35, 50, 40. பிலிப்பைன்ஸில் ஓய்வு பெறும் வயது இப்படி ஏறி இறங்கவில்லை. அரசின் மனநிலைதான் ஏறி இறங்கியது.

மலேசியாவின் கதை வேறு மாதிரி. 1996இல் அவர்கள் தொடங்கியபோது அதன் பெயரே 'வெள்ளி முடி' திட்டம். நரைத்த தலைகளுக்கானது என்று பெயரிலேயே தெரியும். 2002இல் அதை 'மலேசியா என் இரண்டாவது இல்லம்' என்று மாற்றி, வயதுக் கதவையும் அகலத் திறந்துவிட்டார்கள். ஆனாலும் வயதுக்கு ஒரு சலுகை மிச்சமிருந்தது: ஐம்பதுக்குக் கீழே இருந்தால் மூன்று லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை, ஐம்பதைத் தாண்டியிருந்தால் ஒன்றரை லட்சம். 2021இல் கெடுபிடி: வயது 35, வைப்புத்தொகை பத்து லட்சம் ரிங்கிட், வெளிநாட்டிலிருந்து மாதம் 40,000 ரிங்கிட் வருமானம். விண்ணப்பிக்க ஆள் வருவது படுத்துவிட்டது. 2024இல் மறுபடி மாற்றி, 25 வயதிலிருந்தே சேரலாம் என்றார்கள். வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று மூன்று தட்டு. வெள்ளிக்கு 1,50,000 டாலர், தங்கத்துக்கு 5,00,000, பிளாட்டினத்துக்கு 10,00,000. கூடவே அங்கே வீடும் வாங்கியாக வேண்டும், வெள்ளிக்கே ஆறு லட்சம் ரிங்கிட் மதிப்பில். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ தமிழ் பேசிக்கொண்டு, இட்லி சாப்பிட்டுக்கொண்டு காலம் தள்ளலாம் என்று ஆசைப்படும் நம்மவர்களுக்கு அந்தக் கனவு விலை ஏறிப்போய்விட்டது. கவனியுங்கள், இங்கே வயது கிட்டத்தட்ட மறைந்தேபோய்விட்டது. அதன் இடத்தில் பணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சில நாடுகள் பயந்து கதவையே சாத்திவிட்டன. பிரிட்டனில் 60 வயது கடந்து, வருடம் 25,000 பவுண்டு வருமானமும் அந்த நாட்டோடு நெருங்கிய தொடர்பும் இருந்தால் ஒரு விசா தந்தார்கள். 2008 நவம்பரில் அது நின்றது. ஆஸ்திரேலியாவில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதலீட்டோடு ஓய்வுக்கால விசா ஒன்று இருந்தது. 2018இல் புதியவர்களுக்கு மூடிவிட்டார்கள். மெல்பர்னிலும் சிட்னியிலும் பிள்ளைகள் இருக்கும் பெற்றோர் இதையும் பெற்றோர் விசாவையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். 'முதிய பெற்றோர்' விசா வேறு வகை. அதற்கு அந்த நாட்டு முதியோர் ஓய்வூதிய வயது, அதாவது 67, ஆகியிருக்க வேண்டும். கட்டணம் குறைந்த வரிசையில் நின்றால் காத்திருப்பு பல பத்தாண்டுகள். 67 வயதில் விண்ணப்பித்துப் பல பத்தாண்டு காத்திருக்கச் சொல்வதை என்னவென்று சொல்ல!

நியூசிலாந்து திறந்தே வைத்திருக்கிறது, ஆனால் வாசற்படி உயரம். அவர்களுடைய சொந்த மக்களுக்கு ஓய்வூதியம் 65இல் தொடங்குகிறது. வெளிநாட்டுக்காரருக்கு அதற்கும் ஒன்று கூட்டி 66. ஏழரை லட்சம் நியூசிலாந்து டாலர் முதலீடு, செலவுக்கென்று இன்னோர் ஐந்து லட்சம், வருட வருமானம் 60,000. இத்தனைக்கும் கிடைப்பது இரண்டு வருட விசா.

தாய்லாந்து: கொஞ்சம் விவரமாக

உலகத்தில் ஓய்வுக்கால விசா என்றதும் முதலில் நினைவுக்கு வருவது தாய்லாந்துதான். சியாங் மாய், பட்டாயா, ஹுவா ஹின் போன்ற ஊர்களில் ஐரோப்பியப் பெரியவர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கிறார்கள். இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். அதனால் இதன் நடைமுறையைத் தெரிந்துகொண்டால் மற்ற நாடுகளையும் ஊகித்துக்கொள்ளலாம்.

வயது 50. விண்ணப்பிக்கும் நாளில் ஐம்பது நிரம்பியிருக்க வேண்டும். 'ஐம்பது நடக்கிறது' என்று நம் ஊர்க் கணக்குச் சொல்லிப் பயனில்லை. அப்புறம் பணம்: தாய்லாந்து வங்கியில் 8,00,000 பாட், நம் பணத்தில் இருபது லட்சத்துக்கு மேல். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம். அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு எட்டு லட்சம் வரும்படி காட்டலாம். வங்கிப் பணத்தைக் காட்டி அங்கேயே வருடா வருடம் தங்கும் காலத்தை நீட்டிப்பவர்கள், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பே பணத்தைப் போட்டிருக்க வேண்டும். நீட்டிப்பு கிடைத்த பிறகும் மூன்று மாதம் தொடக்கூடாது. அதற்கப்புறமும் நான்கு லட்சத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. ஆக, அந்தப் பணத்தில் பாதி வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும். கடன் வாங்கி ஒரு நாள் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பித் தருகிற வித்தைக்குப் போட்ட தாழ்ப்பாள் அது.

90 நாளுக்கு ஒருமுறை 'நான் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்' என்று குடிநுழைவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை கூடாது, சம்பளம் வாங்காமல் ஒரு பள்ளியில் சொல்லிக்கொடுப்பதாக இருந்தாலும் வேலை அனுமதி இல்லாமல் செய்தால் சிக்கல். இன்னொன்று பலரும் கோட்டைவிடுவது: வருட நீட்டிப்பில் இருக்கும்போது ஊரில் கல்யாணம் என்று கிளம்பினால், போகும் முன் மறுநுழைவு அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்காமல் விமானம் ஏறினால் நீட்டிப்பு அன்றோடு செத்தது. திரும்பி வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த 50கூட ஆதிகாலத்திலிருந்து இருந்ததில்லை. 1998 அக்டோபருக்கு முன் நுழைந்து, இடைவெளி இல்லாமல் ஓய்வுக்காலத் தங்கலில் இருப்பவர்களுக்குத் தாய்லாந்துச் சட்டத்தில் தனிக் கணக்கு உண்டு. அதில் குறைந்தபட்ச வயது 55. 60ஐத் தாண்டியவர் வங்கியில் இரண்டு லட்சம் பாட் வைத்திருந்தால் போதும். விதி மாறினாலும் பழையவர்களைப் பழைய விதியிலேயே விட்டுவிட்டார்கள். எல்லா நாடும் இந்தப் பெருந்தன்மையைக் காட்டாது. அதனால் எந்த நாட்டைப் பார்த்தாலும், அங்கே முன்பு விதி மாறியபோது ஏற்கெனவே இருந்தவர்களை என்ன செய்தார்கள் என்று விசாரிப்பது, இன்றைய வயது என்ன என்று கேட்பதைவிட முக்கியம் என்பேன்.

தம்பதியில் ஒருவருக்கு வயது போதாவிட்டால்?

நம் குடும்பங்களில் கணவனுக்கும் மனைவிக்கும் ஐந்தாறு வயது வித்தியாசம் சாதாரணம். கணவருக்கு 52, மனைவிக்கு 46 என்றால் இருவரும் தாய்லாந்து போக முடியுமா? முடியும். வயது வரம்பு முதன்மை விண்ணப்பதாரருக்குத்தான். மனைவியைச் சார்ந்தவராகச் சேர்த்துக்கொள்வார்கள். பெரும்பாலான நாடுகளில் இப்படித்தான். திருமணச் சான்றிதழ் மட்டும் கண்டிப்பாக வேண்டும். கோயிலில் தாலி கட்டி, மண்டபத்தில் சாப்பாடு போட்டு, பதிவு செய்யாமலே முப்பது வருடம் குடும்பம் நடத்தியவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

யாரும் பேச விரும்பாத பகுதி அடுத்தது. சார்ந்தவர் விசா என்பது முதன்மையானவரின் விசாவில் தொங்கிக்கொண்டிருப்பது. அவர் இறந்துவிட்டால் இவருடைய விசாவுக்கும் அடித்தளம் போய்விடும். அப்போது மனைவிக்கு ஐம்பது ஆகியிருந்தால் தன் பெயரில் புதிதாக விண்ணப்பிக்கலாம், பணமும் அவர் பெயரில் இருந்தால். ஆகவே மனைவிக்கும் வயது வரம்பு எட்டியதும் அவர் பெயரில் தனிக் கணக்கு, தனி விசா என்று பிரித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கூட்டுக் கணக்கைக் காட்டிவிடலாம் என்று இருந்துவிடாதீர்கள். விசா எடுப்பவரின் பெயரில் மட்டும் கணக்கு இருக்க வேண்டும் என்று கேட்கும் இடங்கள் உண்டு.

மேல் வரம்பு உண்டா என்றும் கேட்பார்கள். சட்டத்தில் பொதுவாகக் கிடையாது, எண்பதிலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் தாய்லாந்தின் நெடுநாள் தங்கும் விசா மாதிரி காப்பீட்டைக் கட்டாயமாக்கிய இடங்களில் கதை மாறுகிறது. எழுபதைத் தாண்டியவருக்குப் புதிதாக மருத்துவக் காப்பீடு தரப் பல நிறுவனங்கள் தயங்கும், தந்தாலும் பிரீமியம் கண்ணைக் கட்டும். ஏற்கெனவே சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருந்தால் அவற்றுக்கு விலக்கு எழுதிவிடுவார்கள். கீழ் வயதை அரசு போடுகிறது, மேல் வயதைக் காப்பீட்டு நிறுவனம் போடுகிறது. ஐம்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் இருக்கும் இருபது வருடம்தான் நடைமுறையில் கிடைக்கும் சாளரம்.

வயதே கேட்காத நாடுகள்

பனாமாவில் பென்சியோனாதோ என்றொரு விசா இருக்கிறது. ஆயுள் முழுக்க மாதம் 1,000 டாலர் ஓய்வூதியம் வரும் என்று நிரூபித்தால் போதும், வயது 40 ஆனாலும் சரி. அவர்களுடைய பார்வை எளிமையானது: சாகும்வரை பணம் வருகிறவர் எதற்கு வேலை தேடப்போகிறார்? இராணுவத்தில் சீக்கிரம் ஓய்வு பெற்று ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கு ஏற்ற இடம். சொந்த சேமிப்பிலிருந்து வரும் வட்டியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஓய்வூதியம் என்றால் ஓய்வூதியம்தான்.

போர்ச்சுகலின் டி7 விசாவும் வயதைக் கேட்பதில்லை. வாடகை, ஓய்வூதியம், பங்கு ஈவு என்று உழைக்காமல் வரும் வருமானம் அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 2025இல் அது மாதம் 870 யூரோ. ஸ்பெயினில் தொழில் செய்யாதோர் விசாவுக்கு மாதம் 2,400 யூரோ. இவற்றை ஓய்வுக்கால விசா என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் சட்டப்படி அப்படிப் பெயரில்லை. தாய்லாந்தில் எத்தனை வருடம் ஓய்வுக்காலத்தைக் கழித்தாலும் அது நிரந்தர உரிமையாக முதிராது. போர்ச்சுகலிலும் ஸ்பெயினிலும் தங்கும் வருடங்கள் அந்தக் கணக்கில் சேரும்.

இலங்கையும் இந்தியாவும்

இலங்கை 55 வயதைத் தாண்டிய வெளிநாட்டவருக்கு 'என் கனவு இல்லம்' என்ற வசிப்பு விசாவைத் தருகிறது. அங்கே வங்கியில் வைப்புத்தொகை போட்டு, மாதந்தோறும் வெளிநாட்டுப் பணம் கொண்டுவர வேண்டும். ஆனால் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறி அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட இலங்கைத் தமிழர்கள், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ கடைசிக் காலத்தைக் கழிக்க நினைத்தால், இந்த விசாவுக்கு ஓடுவதற்கு முன் இரட்டைக் குடியுரிமையைப் பார்ப்பது நல்லது. அதற்கு விண்ணப்பிக்கும் தகுதிகளில் ஒன்றாகவும் 55 வயது நிரம்பியிருப்பதை வைத்திருக்கிறார்கள். அதே 55 ஒரு பக்கம் விருந்தாளியாகத் தங்க அனுமதிக்கிறது, இன்னொரு பக்கம் வீட்டுக்காரராகவே திரும்ப வழி செய்கிறது. இரண்டாவதில் திரும்பத் திரும்பப் புதுப்பிக்கும் தலைவலியும் இல்லை.

இந்தியாவில் வெளிநாட்டுக்காரருக்கென்று ஓய்வுக்கால விசாவே கிடையாது. மயிலாப்பூரில் வீடு எடுத்து மார்கழிக் கச்சேரி கேட்டுக்கொண்டு காலம் கழிக்க ஒரு ஜெர்மானியர் ஆசைப்பட்டால், சுற்றுலா விசாவில் வந்து வந்து போக வேண்டியதுதான். அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட கும்பகோணத்துக்காரருக்கோ கடல்கடந்த இந்தியர் அட்டை போதும். ஆயுள் முழுக்கச் செல்லும், வயது எத்தனை என்று யாரும் கேட்க மாட்டார்கள்.